கஞ்சி கொடுக்காதே

ஆவடி குவார்ட்டர்ஸ்
9-6-86

அன்புள்ள அக்காவுக்கு லோகநாயகி எழுதுவது.

இங்கே மூன்று பேரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே நீ, அத்தான், லட்சுமணன் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா?

கோவில்பட்டியில் உன் வீட்டில் பிள்ளை பெற்று, தூக்கிக்கொண்டு ரயிலேறி இன்றோடு எட்டு நாள். நாளைக்கு நாகுவுக்கு மூன்று மாதம் முடிகிறது. ரயிலில் சமர்த்தாக வந்தவள், இந்த வீட்டு வாசற்படி தாண்டியதும் அழ ஆரம்பித்தாள். இன்னும் நிறுத்தவில்லை. உன் வீட்டில் இப்படி அழுதாளா அக்கா? எனக்கு நினைவில்லை.

உன் மாப்பிள்ளையை உனக்குத் தெரியும். டைம் ஆபீஸில் உட்கார்ந்து ஆயிரம் பேர் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கடிகாரத்தோடு பார்த்துப் பார்த்து, மனிதருக்கு எல்லாமே நேரம்தான். நூலகத்திலிருந்து பிள்ளை வளர்ப்புப் புத்தகம் ஒன்று எடுத்து வந்திருக்கிறார். நான்கு மணி நேரத்துக்கொரு தரம்தான் பால் கொடுக்க வேண்டுமாம், நடுவில் கொடுத்தால் வயிறு கெட்டுவிடுமாம். இங்கே தொழிற்சாலைச் சங்குதான் ஊருக்கே கடிகாரம். ஏழரைச் சங்கு, பதினொன்றரைச் சங்கு, மூன்றரைச் சங்கு என்று கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டார். ராத்திரிக்கு அலாரம். நடுவில் அழுதால் கிரைப் வாட்டர்.

அந்த ஸ்பூனைக்கூட நான் மூன்று தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன். "செக்யூரிட்டில மோப்ப நாய்க்கு ஆள் எடுக்கிறாங்க, உன் பேரைக் குடுக்கட்டுமா?" என்று அவர் கேலி செய்கிறார். செய்யட்டும்.

எனக்குப் பால் போதவில்லை என்று தோன்றுகிறது. லட்சுமணனுக்கு எத்தனையாவது மாதம் கஞ்சி ஆரம்பித்தாய்? மறக்காமல் எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரர் சைக்கிள் மணியைக் கேட்டபடி இருக்கும்,
லோகா

கோவில்பட்டி
18-6-86

தங்கச்சி லோகாவுக்கு அக்கா பார்வதம் எழுதிக்கொண்டது.

முழங்கால் கிடக்கிறது, அதைப்பற்றி என்ன. அத்தான் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருக்கிறார். லட்சுமணன் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டான், பாஸ் போட்டது வாத்தியாரின் இரக்கம்.

ஏட்டி, பால் போதவில்லை என்று நீயாக முடிவு கட்டிவிட்டாயா? உரித்த பூண்டு ஒரு கைப்பிடி பாலில் வேகவைத்துத் தின்னு. பால்சுறா கிடைத்தால் புட்டு செய். முருங்கைக்கீரை தினமும். நீ பட்டினி கிடந்துகொண்டு பிள்ளைக்கு ஊறவில்லை என்றால் எங்கிருந்து ஊறும்? இங்கே இருந்தபோது நான் தட்டில் போட்டு எதிரே உட்கார்ந்ததால்தான் தின்றாய். அங்கே யார் உட்காருகிறார்கள்? மாப்பிள்ளையைச் சங்குக்கு உட்காரச் சொல்.

பிள்ளை தலையில் எண்ணெய் வை. உச்சியில் வை, ஓரத்தில் தேய்க்காதே. வசம்பு அளவாக.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. மழையும் இல்லை.

உன் மேல் எப்போதும் கண்ணாக இருக்கும்,
பார்வதம்

ஆவடி
27-6-86

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய், வசம்பு, பூண்டு, சுறா எல்லாம் எழுதினாய். நான் கேட்டதை எழுதவில்லை. எல்லோரும் நலமா என்று கேட்கிறேன், கேட்டுவிட்டு மறுபடியும் அதற்கே வருகிறேன்.

அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. சங்கு ஊத ஒரு மணி நேரம் இருக்கும்போது அழத் தொடங்குகிறாள். தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். கையைச் சப்புகிறாள், என் கழுத்தைச் சப்புகிறாள், சேலைத் தலைப்பைச் சப்புகிறாள். சங்கு ஊதிப் பால் கொடுக்கும்போது அழுது களைத்து ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறாள். அடுத்த சங்குக்கு மறுபடியும் நடை. மார்பு இப்போதெல்லாம் கனப்பதே இல்லை. வற்றிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பாரிவாக்கத்திலிருந்து கீரைக்கூடையோடு கன்னியம்மாள் என்று ஒருத்தி வருகிறாள். என் வயதுதான். இடுப்பில் தூளி கட்டி நான்கு மாதப் பையனையும் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போகிறாள். அவன் முனகினால் எந்த வீட்டு வாசலாக இருந்தாலும் உட்கார்ந்து பால் கொடுத்துவிடுவாள். நேற்று நான் நடப்பதைப் பார்த்து நின்றாள்.

"இன்னாம்மா இது, கொயந்த தொண்ட கியியக் கத்திகினு கீது, நீ பாட்டுக்கு நடந்துகினு கீறியே?"

"இன்னும் சங்கு ஊதல" என்றேன்.

"ஒம் பொண்ணு இன்னா டூட்டிக்கா போவுது, சங்கு ஊதனாதான் துன்றதுக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் கீரை வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். நான்கு மணி நேரத்துக்கொரு தரம் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும்போது கீரைக்காரி எனக்குச் சொல்ல வந்துவிட்டாள்.

அவருடைய ஆபீஸில் ஒருவர், மூன்று மாதம் முடிந்தால் கேப்பைக் கஞ்சி கொடுக்கலாம், வயிறு நிறைந்தால் ராத்திரி தூங்கும் என்றாராம். அவர் தினமும் அதையே சொல்கிறார். நான் என்ன பதில் சொல்ல? நீ எழுதினால்தானே சொல்வேன்?

எத்தனையாவது மாதம் அக்கா? லட்சுமணனுக்கு மட்டும் கேட்கவில்லை. அவனுக்கு முன்னால் நீ பெற்ற தங்கத்துக்கும் கேட்கிறேன்.

லோகா

கோவில்பட்டி
5-7-86

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிடைத்து ஐந்து நாள் ஆகிறது. வேலை.

இங்கே எல்லோரும் சுகம். லட்சுமணனுக்குக் காதுவலி வந்து போனது. பக்கத்து வீட்டில் கிணறு தூர்வாரினார்கள், சத்தம் தாங்கவில்லை. அத்தான் வந்துவிட்டு மறுபடி தூத்துக்குடி போய்விட்டார். உனக்குக் கருவாடு கொடுத்தனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கஞ்சி கிஞ்சி என்று எதையும் இப்போது ஆரம்பிக்காதே. ஏன் எதற்கு என்று கேட்காதே.

பார்வதம்

ஆவடி
8-7-86

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. காதுவலி, கிணறு, கருவாடு என்று அரைப்பக்கம் எழுதுகிறாய். என் பிள்ளைக்கு ஒன்றரை வரி. ஏன் எதற்கு என்று கேட்காமல் இருக்க நான் இன்னும் உன் வீட்டுப் பின்கட்டில் கோலி விளையாடுகிற பிள்ளையா?

நேற்று எடை போட்டோம். நான்கு கிலோ இருநூறு. உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது நான்கு கிலோ. ஐந்து வாரத்தில் இருநூறு கிராம்! எடை போட்டவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. கைகால் குச்சியாகிவிட்டது. அழும்போது குரல்கூட முன்போல் எழும்பவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகப் பயம்.

அவர் கேப்பை வாங்கி, ஊறவைத்து முளைகட்டி, தானே வெயிலில் காயவைத்து அரைத்துக்கொண்டு வந்துவிட்டார். வடிகட்ட அவருடைய பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வெந்நீரில் அவித்து வைத்திருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு அவரும்தான் விடிய விடிய நடக்கிறார். ஒருநாள் அவளோடு சேர்ந்து அவரும் அழுததைப் பார்த்தேன்.

ஆடி பிறந்துவிட்டால் எதையும் தொடங்கக் கூடாது என்று கீழ்வீட்டம்மா சொன்னார்கள். அதனால் ஆனி கடைசி நாள், 16-ஆம் தேதி புதன்கிழமை, பதினொன்றரைச் சங்குக்கு முதல் ஸ்பூன். முடிவாகிவிட்டது.

உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் சொல். இல்லையென்றால் நான் என்ன செய்தாலும் பிறகு ஏன் என்று கேட்காதே.

லோகா

தந்தி
கோவில்பட்டி, 12-7-86

கஞ்சி கொடுக்காதே. கடிதம் வருகிறது. பார்வதம்.

கோவில்பட்டி
13-7-86

என் அம்மா லோகாவுக்கு,

நலம் விசாரிக்க இன்று கை ஓடவில்லை. நேராக எழுதுகிறேன்.

லட்சுமணனுக்கு ஏழாவது மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு கொடுக்கவில்லை. ஊரே சிரித்தது. என் மாமியார், "இவ பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கும் இடுப்பிலேயே வச்சுத் தூக்கிட்டுப் போவா" என்று சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் தங்கம்.

உனக்கு அப்போது பத்து வயது. அம்மா செத்து, நீ என்னோடு வந்து இரண்டு வருஷம். தங்கம் காய்ச்சலில் போனாள் என்று உன்னிடம் சொன்னேன். காய்ச்சல் இல்லை. அவளுக்கு மூன்றரை மாதம். பசி தாங்காத பிள்ளை, உன் நாகு மாதிரியே. வயிறு நிறையட்டும் என்று கேப்பைக் கஞ்சி காய்ச்சினேன். ஒருநாள் மத்தியானம் என் கையால்தான் ஊட்டினேன். காலையில் காய்ச்சியது, கெட்டுப்போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வயிற்றால் போக ஆரம்பித்தது. மூன்று நாள். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

உன் பிள்ளைக்கு ஆறு மாதம் முடியட்டும். அதுவரை உன்னிடம் இருப்பது போதும். போதவில்லை என்றால் நல்ல டாக்டரிடம் காட்டு. ஆனால் கஞ்சி வேண்டாம் தாயே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

பார்வதம்

(போஸ்ட் கார்டு)
கோவில்பட்டி
29-7-86

லோகாவுக்கு, கடிதம் போட்டுப் பதினாறு நாள். பதில் இல்லை. பிள்ளைக்கு என்ன? கொடுத்துவிட்டாயா? இரண்டு வரி போதும். நேற்றுத் தபால்காரரோடு சண்டை போட்டுவிட்டேன், பாவம் அந்த மனிதர். அத்தானிடம் ரயிலுக்குச் சொல்லட்டுமா?
பார்வதம்

ஆவடி
4-8-86

என் அக்காவுக்கு,

நாகு நன்றாக இருக்கிறாள். இதை முதலில் படித்துவிட்டு உட்கார். உட்கார்ந்த பிறகு மற்றதைப் படி.

உன் தந்தி வந்தபோது, தந்தி என்றாலே சாவுதானே, மாடிவீடு கீழ்வீடு எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டது. அவர் படித்துவிட்டு, "கஞ்சிக்கெல்லாமா தந்தி? அடுத்தது எதுக்கு, இட்லிக்கா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடிதமும் வந்துவிடும் என்று புதன்கிழமை வரை பார்த்தோம். புதன்கிழமை காலை அவரே கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, கிண்ணத்தில் ஆறவைத்து மூடிவிட்டு வேலைக்குப் போனார். பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். படித்தேன். அப்போது நாகு அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா, நீ பொய் எழுதியிருக்கிறாய்.

மத்தியானம் நீ வீட்டில் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியற்காலை ஐந்தரைக்கே வந்து உன்னை ஏற்றிப் போய்விடும், பொழுது சாய்ந்துதான் விடும். எனக்கு வண்டியின் ஹார்ன்கூட நினைவிருக்கிறது. தங்கத்துக்கு ஊட்டியது நான். அலுமினிய ஸ்பூன், பிடி வளைந்தது. நீ அதை எனக்காக மறைத்து எழுதியிருக்கிறாய், எத்தனை வருஷமாகவோ மறைத்திருக்கிறாய்.

ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. கஞ்சி புளித்த வாடை அடித்தது. எனக்குத் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன், முகத்தைச் சுளித்தேன். அவள் அழுகையை நிறுத்தவே மாட்டேன் என்றாள், வெளியே பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டார்கள். கொடுத்துவிட்டேன். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், நீ வாடையைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று.

உன்னிடம் எத்தனையாவது மாதம் என்று கேட்டுக் கேட்டு எழுதினேனே, எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. நீ ஒரு தடவையாவது என்னைத் திட்டுவாய் என்று பார்த்தேன்.

அன்று கஞ்சியைப் பப்பாளி மரத்தடியில் கொட்டினேன். கன்னியம்மாள் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. சங்குக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நான் உட்கார்ந்து பால் கொடுத்தேன். குடித்துக்கொண்டே இருந்தாள். சங்கு ஊதியது, குடித்தாள். அவர் சாப்பாட்டுக்கு வந்து கதவைத் தட்டினார், அப்போதும் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் மறுபடி கேட்டாள், மறுபடி கொடுத்தேன். முதல் நான்கு நாள் நான் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். ஐந்தாம் நாள் மார்பு கனத்து ஜாக்கெட் நனைந்தது. வற்றவில்லை அக்கா. கேட்கிறபோது கொடுக்காததால் சுருங்கிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

அவரிடம் உன் கடிதத்தையும் காட்டினேன், நீ எழுதாததையும் சொன்னேன்.  அவர் ஈரத்துணி எடுத்துக் கதவுக்குப் பின்னால் எழுதியிருந்ததை அழித்தார். ரொம்ப நேரம் அழித்தார்.

நேற்று எடை நான்கு கிலோ தொள்ளாயிரம்.

இனி நீ எனக்கு எழுதுவாயா என்று தெரியவில்லை. எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

லோகா

கோவில்பட்டி
11-8-86

லோகா,

தொள்ளாயிரத்தை லட்சுமணனை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். நன்றாக இருக்கட்டும்.

வாடை அடித்தது எனக்குத் தெரியாது. நீ ஊட்டினாய் என்பது தெரியும். பத்து வயதில் ஒருநாளும் நீ எதையும் கழுவிக் கவிழ்த்ததில்லை, அன்றைக்கு மட்டும் டம்ளர் பளபளவென்று இருந்தது.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய். ஒரு வருஷம் கோபம் இருந்தது. உனக்குத் தலை வாரும்போது வெடுக் வெடுக்கென்று இழுத்து வாருவேன், பேன் என்று சொல்வேன். பேன் இல்லை. நீ அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாய். ஏன் அழமாட்டேன் என்கிறாள் இந்தப் பிள்ளை என்று அதற்கும் கோபம். இப்போதுதான் தெரிகிறது, ஏன் நின்றாய் என்று.

ஒருநாள் அப்படி வாரும்போது சீப்புப் பல் உன் மண்டையைக் கீறி ரத்தம் வந்துவிட்டது. துடைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். கஞ்சியைக் காய்ச்சியது யார்? அதைப் பகல் முழுக்க மூடி வைத்தது யார்? மூன்றரை மாதப் பிள்ளையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் விட்டு, அழுதால் கொடு என்று சொல்லி வண்டி ஏறியது யார்? நீ சொன்னதைச் செய்தாய். அதற்குப் பிறகு உனக்கு இழுத்து வாரியதில்லை.

பதினாலு வருஷம். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, நீ உன் பக்கம் வைத்துக்கொண்டாய், நான் என் பக்கம் வைத்துக்கொண்டேன். போதும் லோகா. அழ வேண்டியதை அழு, அழுதுவிட்டுச் சாப்பிடு, பால் கொடுக்கிறவள் வயிறு காயக் கூடாது.

ஆவணி கடைசி வெள்ளி செப்டம்பர் 12. நாகுவுக்கு ஆறு மாதம் முடிந்திருக்கும். நான் வருகிறேன். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பு, நேரத்துக்கு வருவார், அதில் சந்தேகமில்லை.

அக்கா

ஆவடி
20-9-86

அக்காவுக்கு,

ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? நீ இல்லாத நாளில் லட்சுமணன் என்னென்ன உடைத்தான்? அத்தானை விசாரித்ததாகச் சொல்.

நீ இருந்தபோது வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அன்று சாதத்தைப் பருப்புத் தண்ணீர் விட்டுக் குழையக் குழைய மசித்து, நீ முதலில் முகர்ந்தாய். பிறகு என்னிடம் நீட்டினாய், நான் முகர்ந்தேன். மறுபடி நீ. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லவேளையாகக் கீரை கொடுக்க வந்த கன்னியம்மாள் இருந்தாள்.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மோந்துகினே கீறீங்க? சோறு ஆறிப் போச்சு. கொயந்தைக்கு எப்போ குடுக்கப் போறீங்க?"

நீ ஸ்பூனை என் கையில் வைத்து, "நீ ஊட்டு" என்றாய். உன் கையை என் கை மேலேயே வைத்திருந்தாய்.   நாகு முதல் ஸ்பூனைத் துப்பினாள். உனக்கு வந்த சிரிப்பை நான் பதினாலு வருஷத்தில் கேட்டதில்லை அக்கா.

நீ போன மறுநாளும் அதற்கடுத்த நாளும் நான் ஊட்டவில்லை. பால் மட்டும் கொடுத்தேன், பயம். இன்று காலை அவள் என் தட்டையே பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். சரி என்று எழுந்து, அப்போதே வடித்த சாதம் கொஞ்சம் மசித்தேன். வீட்டில் யாரும் இல்லை. உன் கையும் இல்லை. எட்டு ஸ்பூன் சாப்பிட்டாள்.

ஒரே ஒரு தடவைதான் முகர்ந்து பார்த்தேன்.

லோகா